விடியுமுன் இறங்கும் பேட்டரி: கீழக்கரைக் கார் ஒன்றின் மின்கசிவு குறித்த நிகழ்வு ஆய்வு

1998-இல் பதிவான அந்தப் பெட்ரோல் கார் இராமநாதபுரத்தில் உள்ள என் பட்டறைக்கு முதன்முறை வந்தபோது, அதன் உரிமையாளர் பதினான்கு மாதங்களுக்குள் இரண்டு பேட்டரிகளையும், ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்நேட்டர் ஒன்றையும் மாற்றி முடித்திருந்தார். கீழக்கரையில், கடலுக்கு ஏறத்தாழ இருநூறு மீட்டர் தள்ளி, பக்கச்சுவர் இல்லாத கீற்றுக்கொட்டகையின் கீழ் நிற்கும் வண்டி அது. கார்புரேட்டர் இன்ஜின், பின்னாளில் பொருத்திய சென்ட்ரல் லாக், ஒரு ஸ்டீரியோ ஆகியவற்றைத் தவிர மின்னணுச் சாதனம் என்று சொல்லத்தக்கது எதுவும் அதில் இல்லை என்றே நானும் அவரும் அன்று நம்பினோம். தயாரிப்பு நிறுவனத்தின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. இந்தக் கோளாறு தொழிற்சாலையில் பிறந்தது அன்று. நம் கடற்கரையில் நிற்கும் எந்தப் பழைய வண்டியிலும் வரக்கூடியது.

உரிமையாளர் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், நான் அவரைக் காக்கா என்றே அழைப்பேன். அவர் சொன்ன குறை எளியது. தினமும் ஓட்டினால் வண்டிக்கு ஒன்றுமில்லை. நான்கைந்து நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. சாவியைத் திருப்பினால் ரிலே 'டிக் டிக்' என்று தட்டுவதோடு சரி. போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார்: "தம்பி, மதுரையில மக வீட்டுல பத்து நாள் நின்னுச்சு, ஒரே சாவியில எடுத்துச்சு. இங்க வந்தா அஞ்சு நாளு தாங்க மாட்டேங்குது." இந்த வாக்கியத்தை நான் கேட்டேன், வேலை அட்டையில் எழுதவில்லை. ஆய்வின் முக்கால் பங்கு விடை அதற்குள் இருந்தது என்பதால், அதை இங்கே முதலிலேயே பதிவு செய்கிறேன்.

நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. பேட்டரியே உள்ளுக்குள் கெட்டிருக்கலாம். ஓடும்போது சரியாக ஏறாமல் இருக்கலாம். அல்லது நிற்கும்போது ஏதோ ஒன்று சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருக்கலாம். இவற்றை வரிசையாக விலக்காமல் பொருளை மாற்றத் தொடங்கினால் செலவுக்கு முடிவே இராது. முதலில் பேட்டரியை முழுதாக ஏற்றி, ஆறு மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தேன், 12.64 வோல்ட் இருந்தது. ஈய அமிலப் பேட்டரிக்கு 12.6-க்கு மேல் இருந்தால் முழு ஏற்றம், 12.2 என்றால் பாதி, 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் கால் பங்கும் இல்லை என்று கொள்ளலாம். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஆறு அறைகளிலும் 1.265-ஐ ஒட்டியே நின்றது. இன்ஜின் ஓடும்போது முனைகளில் 14.1 வோல்ட் வந்தது; முகப்பு விளக்கும் ஏசி விசிறியும் போட்டபோதும் 13.8-க்குக் கீழே இறங்கவில்லை. ஆகவே பேட்டரியும் நலம், ஏற்றமும் நலம். எஞ்சியது மூன்றாவது வழி.

நிற்கும் வண்டியின் கசிவை அளப்பதற்கு, பேட்டரியின் எதிர்முனைக் கிளாம்பைக் கழற்றி, அந்த இடைவெளியில் ஆம்பியர் மீட்டரை வரிசையில் இணைக்க வேண்டும். நேர்முனையில் இதைச் செய்வதற்குத் தடையில்லை. ஆனால் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட் ஆகும் என்பதால் நான் எதிர்முனையிலேயே செய்வது வழக்கம். கதவுகளைச் சாத்தி, சாவியை எடுத்து, பானெட்டைத் திறந்து வைத்த நிலையில், முதலில் மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் பார்த்துவிட்டு, சிறிதாக இருந்தால் மில்லி ஆம்பியர் துளைக்கு மாற்ற வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது யாரும் சாவி போடக்கூடாது; ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தில் மீட்டர் எரிந்துவிடும். இந்த வண்டியில் பிற்பகல் இரண்டரை மணிக்கு மீட்டர் காட்டியது 14 மில்லி ஆம்பியர். கடிகாரம், ஸ்டீரியோவின் நினைவு, சென்ட்ரல் லாக் பெட்டி ஆகிய மூன்றுக்கும் அது சரியான அளவு. 50 மில்லி ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது தொழிலில் உள்ள பொது வழக்கு. 14 மில்லி ஆம்பியரில், 35 ஆம்பியர்-மணிக் கொள்ளளவு உள்ள இந்தப் பேட்டரி பாதி இறங்கவே ஐம்பது நாள் ஆகும்.

ஆல்டர்நேட்டரையும் தனியே பார்த்தேன். அதன் பி முனை சாவிக்குக் கட்டுப்படாமல், எப்போதும் பேட்டரியோடு இணைந்தே இருக்கும். பேட்டரி மின்னோட்டம் அதன் வழியே பின்னோக்கி ஓடாமல் தடுத்துக் கொண்டிருப்பவை உள்ளே உள்ள டயோடுகள் மட்டுமே. அவற்றில் ஒன்று கெட்டால் இரவெல்லாம் மின்சாரம் ஒழுகும். எந்த ஃபியூஸைப் பிடுங்கினாலும் தெரியாது. பி முனைக் கம்பியைக் கழற்றி அளந்தபோது 14 என்ற எண் அசையவில்லை. முன்பு மாற்றிய பழைய ஆல்டர்நேட்டரும் அனேகமாக நல்லதாகவே இருந்திருக்கும் என்ற வருத்தமான முடிவுக்கு அப்போதே வந்தேன்.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். பேட்டரியின் மேல்மூடி வெண்ணிறத் தூளும் ஈரப்பிசுக்கும் படிந்து கிடந்தது. மீட்டரின் கறுப்பு முனையை எதிர்முனையில் வைத்து, சிவப்பு முனையை மூடியின் பிளாஸ்டிக்கின் மேல் மெல்ல இழுத்துப் பார்த்தால், நேர்முனைப் பக்கம் 5.2 வோல்ட், நடுவில் 2 வோல்ட் என்று எண்கள் தெரிந்தன. பிளாஸ்டிக்கின் மேல் வோல்ட் தெரிவதற்குக் காரணம், அமிலப் பிசுக்கு ஒரு கம்பியைப் போல இரு முனைகளையும் இணைத்துக் கொண்டிருப்பதுதான். இந்தக் கசிவு பேட்டரியின் தலைமேலேயே சுற்றி முடிவதால், வரிசையில் வைத்த மீட்டருக்கு அது புலப்படுவதே இல்லை. அதனால், மீட்டர் காட்டாத எதிரியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். சமையல் சோடா கரைத்த நீரால் மூடியைக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, துடைத்து, முனைகளில் வாஸ்லின் தடவி அனுப்பினேன். அந்தச் சுத்தம் தேவையானதுதான். ஆனால் அத்தகைய பிசுக்கு ஐந்து நாளில் ஒரு நல்ல பேட்டரியைச் சாய்க்கும் அளவுக்கு இழுக்குமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால், வண்டியை அன்று அனுப்பியிருக்க மாட்டேன்.

ஒன்பதாம் நாள் காக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. வண்டி ஆறு நாள் நின்றது, எடுக்கவில்லை. அவர் குரலில் கோபம் இல்லை. மதுரையில் நின்ற பத்து நாள்களைப் பற்றி மறுபடியும் சொன்னார். இம்முறை எழுதிக்கொண்டேன். ஒரே வண்டி, ஒரே பேட்டரி, ஒரே வயரிங். மாறியது இடம் மட்டும். என் பட்டறை கீழக்கரையிலிருந்து ஏறத்தாழ பதினேழு கிலோமீட்டர் உள்ளே, வெயில் தகிக்கும் தகரக் கூரையின் கீழ் உள்ளது. அங்கே பிற்பகலில் நான் எடுத்த அளவு, மதுரையில் நின்ற வண்டியின் அளவே தவிர, கீழக்கரைக் கொட்டகையில் இரவில் நிற்கும் வண்டியின் அளவு அன்று. கோளாறு எந்த இடத்தில், எந்த நேரத்தில் உயிரோடு இருக்கிறதோ அங்கே போய்த்தான் அதை அளக்க வேண்டும். ஆகவே மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

தை மாதம், பகலில் வெயில், பின்னிரவில் பனி. முதல் இரவு மில்லி ஆம்பியர் துளையிலேயே மீட்டரை வரிசையில் வைத்துவிட்டு, திண்ணையில் படுத்தேன். பத்து மணிக்கு 14. பன்னிரண்டுக்கு 14. நான்கரை மணிக்கு எழுந்து பார்த்தபோது மீட்டர் 0 காட்டியது. கசிவே இல்லை என்று ஒருவர் இதைப் படித்துவிடக் கூடும். ஆனால் ஓடும் கடிகாரமும் விழித்திருக்கும் ஸ்டீரியோ நினைவும் உள்ள வண்டியில் 0 என்பது நடக்க முடியாத எண். மீட்டரைப் பிரித்தபோது அதனுள் இருந்த 200 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. யாரும் கதவைத் திறக்கவில்லை, விளக்கைப் போடவில்லை. ஆனாலும் பன்னிரண்டுக்கும் நான்கரைக்கும் இடையே ஏதோ ஒன்று 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்திருக்கிறது. இந்த ஆய்வில் கிடைத்த முதல் உறுதியான சான்று அந்தப் போன ஃபியூஸ்தான்.

மறுநாள் இரவு முறையை மாற்றினேன். 0.1 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை எதிர்முனைக்கும் கிளாம்புக்கும் இடையே பொருத்தி, அதன் இரு நுனிகளுக்கும் குறுக்கே மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்தேன். ஓம் விதிப்படி 1 மில்லி வோல்ட் என்றால் 10 மில்லி ஆம்பியர். இந்த ஏற்பாட்டில் 14 மில்லி ஆம்பியர் 1.4 என்று தெரியும்; ஓர் ஆம்பியர் ஓடினாலும் 100 என்று தெரியுமே தவிர எதுவும் எரியாது, துளை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. இரவு முழுதும் காத்திருக்க வேண்டிய கசிவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மின்தடையின் விலை ஒரு தேநீரின் விலைகூட இல்லை. பக்கத்தில் ஈரப்பதம் காட்டும் சிறு கடிகாரம் ஒன்றையும் வைத்தேன். முன்பக்கக் கண்ணாடிகளைக் காக்கா எப்போதும் ஒரு விரற்கடை இறக்கியே வைப்பார், உள்ளே வெக்கை தங்கக் கூடாது என்பதற்காக. அதை அப்படியே விட்டேன். வண்டி வழக்கமாக எப்படி நிற்குமோ அப்படியே நிற்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு ஈரப்பதம் 71 சதவீதம், கசிவு 14. பதினொன்றரைக்கு 78, கசிவு 14. ஒரு மணிக்கு 82, கசிவு 15. இரண்டரைக்கு 87, கசிவு 15. அந்த ஒரு மில்லி ஆம்பியர் ஏற்றத்தை நான் மீட்டரின் தடுமாற்றம் என்று நினைத்தேன். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 1.5 என்ற எண் 64-க்குத் தாவியது. 640 மில்லி ஆம்பியர். சிறிது சிறிதாக ஏறியது அன்று, ஒரே எட்டில் ஏறியது, அது முக்கியம். ஈரம் நேரடியாகத் தின்றிருந்தால் எண் மெல்ல ஊர்ந்து ஏறியிருக்கும். ஒரே தாவலில் ஏறியது என்றால், ஏதோ ஒரு சாதனம் விழித்துக்கொண்டது என்று பொருள்.

டேஷ்போர்டின் கீழ் உள்ள ஃபியூஸ் பெட்டியைக் கதவு திறக்காமல் எட்டும்படி கண்ணாடியை முழுதாக இறக்கினேன். கதவு திறந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, திரும்பச் செருகினேன். புதிய கார்களில் இப்படிப் பிடுங்குவது உறங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை எழுப்பிவிடும். அங்கே ஃபியூஸைப் பிடுங்காமல் அதன் தலையில் தெரியும் இரு புள்ளிகளுக்கு இடையே மில்லி வோல்ட் பார்ப்பதே சரி. இந்த வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. கடிகார ஃபியூஸைப் பிடுங்கியபோது 64 என்பது 63.6 ஆயிற்று, மற்ற எதற்கும் பெரிய அசைவில்லை. ஆக, பெரிய கசிவு ஃபியூஸ் பெட்டியைக் கடக்காமல் போகிறது. பேட்டரியின் நேர்முனைக் கிளாம்பில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கம்பி ஒன்று, வண்டியின் முதன்மை வயரிங்குக்குப் போகும் கம்பி ஒன்று. அவற்றின் அடியில், அழுக்கில் கறுத்துப்போன மூன்றாவது கம்பி ஒன்று பேட்டரித் தட்டின் கீழாக வளைந்து, இன்ஜின் அறைச் சுவரின் ரப்பர் துளை வழியே உள்ளே போயிற்று. முதற்பார்வையில் ஒரு வண்டியின் பிறவி வயரிங்கும் பிறகு சேர்த்ததும் ஒன்றுபோலவே தெரியும், அழுக்கு ஏறிவிட்டால்.

டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே குனிந்தபோது, முன்னிருக்கையில் ஓட்டுநருக்கு அடுத்த பக்கம், இருக்கையின் அடியில் விரிப்பின் ஓரமாகக் கடுகளவு பச்சை வெளிச்சம் தெரிந்தது. கையை விட்டுத் தொட்டேன். உலோகப் பெட்டி ஒன்று இளஞ்சூடாக இருந்தது. ஸ்டீரியோவின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர். காக்காவின் மகன் எட்டு ஆண்டுகளுக்கு முன்பு விடுமுறைக்கு வந்தபோது ஒரு கடையில் கொடுத்துப் பொருத்தியது அது. பாட்டுக் கேட்கும் பழக்கம் இல்லாத காக்கா, அப்படி ஒன்று இருப்பதையே மறந்து போயிருந்தார். பகலில் அது அணைந்தே இருந்ததால் யார் கண்ணிலும் அந்தப் பச்சை விளக்கு படவில்லை. இரவில் எரிந்தபோது பார்ப்பதற்கு யாரும் இல்லை.

ஸ்டீரியோ அணைந்திருக்கும்போது ஆம்ப்ளிஃபயர் ஏன் எரிய வேண்டும்? அதற்கு மூன்று கம்பிகள் முக்கியம்: பேட்டரியிலிருந்து நேரே வரும் தடித்த நேர்க்கம்பி, வண்டியின் உடலோடு சேரும் எர்த், பிறகு விழிக்கச் சொல்லும் மெல்லிய கம்பி. இந்த மூன்றாவது, ஸ்டீரியோவின் பின்னாலிருந்து வரும் வெள்ளைக் கோடிட்ட நீலக் கம்பி. ஸ்டீரியோவைப் போட்டால் அதில் 12 வோல்ட் வரும், ஆம்ப்ளிஃபயர் விழிக்கும். அதை எழுப்ப ஓரிரு மில்லி ஆம்பியர் போதும், அதற்குப் பிறகு அது குடிப்பதெல்லாம் தடித்த கம்பியிலிருந்து. ஆம்ப்ளிஃபயரின் திருகு முனையில் அளந்தபோது, எதுவும் இருக்கக் கூடாத நீலக் கம்பியில் 9.3 வோல்ட் இருந்தது. அதைத் திருகிலிருந்து விடுவித்தேன். பச்சை விளக்கு அணைந்தது, மீட்டர் 1.4-க்கு இறங்கியது.

விடுவித்த கம்பியின் வெற்று நுனியில் மீட்டர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆனால் சோதனை விளக்கைத் தொட்டால் மினுக்கம்கூட இல்லை. இதைச் சக தொழிலாளர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சோதனை விளக்கு எரிய நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் வேண்டும். இந்தக் கம்பியில் வந்துகொண்டிருந்ததோ ஒரு மில்லி ஆம்பியர் அளவிலான ஒழுக்கு. விளக்கை மட்டும் கையில் வைத்திருப்பவர் இக்கம்பியைச் செத்த கம்பி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்த ஒரு மில்லி ஆம்பியர்தான் அறுநூறு மில்லி ஆம்பியருக்குக் கதவைத் திறந்துவிட்டது. இரண்டரை மணிக்கு நான் தடுமாற்றம் என்று தள்ளிய 14-க்கும் 15-க்கும் இடையிலான வேறுபாடு அதுதான்.

விரிப்பைப் புரட்டியபோது அடிப்பாகம் சதசதவென்று இருந்தது. ஏசியின் நீர் வெளியேறும் ரப்பர் குழாய் மணல் அடைத்துக் கிடந்ததால், குளிர்ந்து சொட்டும் நீர் வெளியே போகாமல் அந்தப் பக்கத்துக் கால்வைப்பில் இறங்கியிருந்தது. அதன் நடுவே, ஸ்டீரியோவின் கம்பிகள் எல்லாம் முறுக்கி ஜாயிண்டு போடப்பட்டு, ஒரே கறுப்பு டேப்பால் ஒரு கட்டாகச் சுற்றப்பட்டிருந்தன. வெயிலில் டேப்பின் பசை இளகி, மணலையும் உப்பையும் வாங்கித் தார் போல ஆகியிருந்தது. ஃபியூஸ் பெட்டியைக் கடக்காமல் வரும், எப்போதும் 12 வோல்ட் உள்ள மஞ்சள் கம்பியின் ஜாயிண்டும் நீலக் கம்பியின் ஜாயிண்டும் தோளோடு தோளாகக் கிடந்தன. மஞ்சள் கம்பியின் செம்பு இழைகள் பச்சைக் களிம்பேறிப் பாதி அரித்திருந்தன. நீலக் கம்பியில் அவ்வளவு அரிப்பு இல்லை. நேர்மின் பக்கத்துச் செம்புதான் உப்பு நீரில் கரைந்து போகும். ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு மின்சாரம் ஒழுகிற்று என்பதற்கு அந்தக் களிம்பே சாட்சி.

பேட்டரியையும் ஸ்டீரியோ பிளக்கையும் கழற்றிவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த இரு கம்பிகளுக்கு இடையிலான மின்தடையை அளந்தேன். எண் நிலைகொள்ளாமல் 2.6 கிலோ ஓமிலிருந்து 3.5 வரை ஆடியது. செம்பு செம்பைத் தொட்டால் எண் ஆடாது. ஆடினால் நடுவில் இருப்பது ஈர உப்பு. சராசரியாக 3 கிலோ ஓம் என்று கொள்வோம். ஆம்ப்ளிஃபயரின் விழிப்பு முனைக்கும் எர்த்துக்கும் இடையே 9 கிலோ ஓம் இருந்தது. 12.4 வோல்ட்டை இந்த இரண்டும் பங்கிட்டால், ஆம்ப்ளிஃபயருக்குக் கிடைப்பது 9.3 வோல்ட், மீட்டரில் கண்ட எண் அதுவே. டேப் கட்டை மேலும் பிரிக்காமல் அப்படியே விட்டு, அதே நாள் நண்பகலில், வெயில் ஏறி ஈரப்பதம் 58 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு, மறுபடி அளந்தேன். 800 கிலோ ஓமுக்கு மேல் போயிருந்தது. அந்நேரத்தில் ஆம்ப்ளிஃபயருக்குப் போயிருக்கக் கூடியது 0.14 வோல்ட், அதற்கு அது விழிக்காது.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தக் கடற்கரையில் அது மின்சுற்றின் ஓர் உறுப்பாகவே நடந்துகொள்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரைந்து நீர்த்துளியாகிவிடும். அதற்குக் கீழே உலர்ந்த தூளாக இருக்கும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, கரைந்த உப்பு நன்றாகக் கடத்தும். கரைந்தது மீண்டும் உலர்வதற்கு 75-க்குக் கீழே வந்தால் மட்டும் போதாது, ஈரப்பதம் இன்னும் வெகுவாக இறங்க வேண்டும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது; அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். வாலிநோக்கம் உப்பளங்களில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதன்று: பாத்தியில் எஞ்சும் கசப்பு நீர் சரியாக வடியாத உப்பு, மூட்டையில் கிடந்தாலும் நீர்விட்டுக்கொண்டே இருக்கும். கீழக்கரைக்குக் கடல் தெற்கே இருக்கிறது. தெற்கிலிருந்து காற்று ஓங்கி வீசும் மாதங்களில் இறக்கிவைத்த கண்ணாடி வழியே உப்பு உள்ளே வந்து படிகிறது. பேரப்பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு ஏறி உட்கார்வதும் அந்தப் பக்கத்து இருக்கையில்தான். அப்படிப் படிந்த உப்பைத் தைப் பனி நனைக்கிறது. மதுரையில் அந்த உப்பு அப்படியே இருந்திருக்கும். நனைப்பதற்கு அந்த அளவு ஈரம் அங்கே இல்லை.

பிரிக்காமல் விட்ட அந்தக் கட்டோடு, மூன்றாம் இரவு நீலக் கம்பியைத் திரும்ப இணைத்து ஒரு முறை முழுதாக அளந்தேன். கோளாறைக் கண்ட மகிழ்ச்சியில் உடனே அறுத்து எறிந்துவிட்டால், அது மட்டும்தான் காரணமா என்பதற்குச் சான்று இல்லாமல் போகும். ஆம்ப்ளிஃபயர் மூன்று மணி வாக்கில் விழித்தது, காலை எட்டு நாற்பதுக்கு அணைந்தது. ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம், 0.64 ஆம்பியர்: ஓர் இரவுக்கு 3.5 ஆம்பியர்-மணி. மீதி நேரத்தின் 14 மில்லி ஆம்பியரையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 3.8 வரும். ஐந்து நாளில் 19. 35 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் பாதிக்கு மேல். காக்கா முதல் நாளே சொன்ன 'நான்கைந்து நாள்' இந்தக் கணக்கோடு ஒட்டிப்போகிறது. முன்பு போட்ட இரண்டு பேட்டரிகளும் எப்படி வீணாயின என்பதும் இதிலிருந்து புரியும்: இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் கிடந்த ஈயத் தகடுகளில் சல்ஃபேட் இறுகி, பிறகு ஏற்றினாலும் ஏறாத நிலைக்கு வந்துவிட்டன. அவை தாமாகக் கெட்டவை அல்ல.

பழுது நீக்கம் அரை நாள் வேலை. கட்டு முழுவதையும் அரிப்பில்லாத செம்பு தெரியும் இடம் வரை அறுத்து நீக்கினேன். கம்பிகளைப் புதிதாகச் சால்டர் வைத்து இணைத்து, ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் தனித்தனியே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, இரு ஜாயிண்டுகள் அருகருகே வராதபடி இடம் மாற்றி அமைத்தேன். கம்பிகளைத் தரையிலிருந்து எடுத்து டேஷ்போர்டின் உள்ளே உயரத்தில் கட்டினேன். உப்பேறிய தகட்டையும் பிளக்குகளையும் பெட்ரோலால் கழுவும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. எண்ணெய் போகும், ஆனால் பெட்ரோலில் உப்பு கரையாது, அப்படியே இருக்கும். டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசி, சூடான காற்றால் உலர்த்துவதே முறை. ஏசிக் குழாயின் அடைப்பை எடுத்தேன். விரிப்பை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசி, இரண்டு நாள் வெயிலில் போடச் சொன்னேன்.

இவற்றோடு ஒரு காப்பும் வைத்தேன். விழிப்பு முனைக்கும் எர்த்துக்கும் இடையே 1 கிலோ ஓம், அரை வாட் மின்தடை ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தினேன். இந்த ஸ்டீரியோவில், அணைந்திருக்கும்போது நீலக் கம்பியை எர்த்துக்கு இழுத்துப் பிடித்திருக்கும் அமைப்பு எதுவும் இல்லை. அதனால்தான் ஒரு மில்லி ஆம்பியர் ஒழுக்கில்கூட அந்தக் கம்பி உயர்ந்துவிட்டது. இனிமேல் அதே 3 கிலோ ஓம் ஒழுக்கு மறுபடி ஏற்பட்டாலும், நீலக் கம்பி 2.9 வோல்ட்டுக்கு மேல் ஏற முடியாது. ஸ்டீரியோ போட்டிருக்கும்போது அம்மின்தடை இழுக்கும் 12 மில்லி ஆம்பியர் அதற்குச் சுமையன்று. ஆம்ப்ளிஃபயரையே எடுத்துவிடலாம் என்றுதான் நான் முதலில் சொன்னேன். மகன் விடுமுறைக்கு வந்தால் கேட்பான், இருக்கட்டும் என்று காக்கா சொன்னார். அது நியாயமான காரணம்.

சரிபார்ப்பதற்கு மேலும் இரண்டு இரவுகள் மின்தடையையும் மீட்டரையும் அங்கேயே விட்டு வைத்தேன். ஈரப்பதம் 91 சதவீதம் வரை போன இரவிலும் மீட்டர் 1.4-ஐ விட்டு நகரவில்லை. அதன்பின் பேட்டரியை முழுதாக ஏற்றி, ஓய்வுக்குப் பின் 12.64 வோல்ட் என்று குறித்துக்கொண்டு, பன்னிரண்டு நாள் வண்டியைத் தொடாமல் நிறுத்தச் சொன்னேன். பதின்மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, பனி இன்னும் பானெட்டின் மேல் துளிர்த்திருந்தபோது, 12.52 வோல்ட் இருந்தது. 14 மில்லி ஆம்பியர் பன்னிரண்டு நாளில் எடுக்கும் 4 ஆம்பியர்-மணிக்கு அது பொருத்தமான இறக்கம். காக்காவே சாவியைத் திருப்பினார். இன்ஜின் முதல் சுற்றிலேயே எடுத்தது.

முடிக்காத வேலை ஒன்று மீதி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் கம்பியை இறுக்கியிருக்கும் இருக்கைப் போல்ட்டின் அடியில் தகடு துருப்பிடித்து மெலிந்திருக்கிறது. இப்போதைக்குச் சுரண்டி, பூச்சு அடித்து வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் வண்டியைக் கொண்டுவந்தால், அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.